மருத்துவமனை பெயரில் வரும் மோசடி மெயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு மருத்துவமனைக்கு எதிரே ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். நோயாளியோடு துணைக்கு வந்தவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட், காப்பீட்டுப் படிவம், ஆதார் நகல் என்று எதையாவது பிரிண்ட் எடுக்க வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் சிலர் செல்போனில் ஒரு மெயிலைக் காட்டி, "இதையும் ஒரு காப்பி போடுங்க" என்பார்கள். மேலே உலக சுகாதார நிறுவனம் என்றோ டெல்லி எய்ம்ஸ் என்றோ லண்டன் மருத்துவமனை என்றோ இருக்கும். உள்ளே படித்தால் எனக்கு வயிறு கலங்கும். நோயும் கடனும் இருக்கிற வீடாகத் தேடி வந்து அடிக்கிற மோசடி இது. வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

"உலக சுகாதார நிறுவனத்துலேருந்து எனக்கு மெயில் வந்திருக்கு. நெஜமா இருக்குமா தம்பி?"

நீங்களாகப் போய் எதற்கும் பதிவு செய்யவில்லை என்றால், இல்லை. அவர்கள் ஜெனீவாவில் இருந்துகொண்டு அரசுகளோடும் மருத்துவ அமைப்புகளோடும் வேலை செய்கிறவர்கள். உங்கள் மெயில் முகவரி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

என்னென்ன செய்ய மாட்டோம் என்று அந்த நிறுவனமே பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறது. பாஸ்வேர்ட் கேட்க மாட்டார்கள். நீங்கள் கேட்காத கோப்பை இணைத்து அனுப்ப மாட்டார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கவோ, மாநாட்டுக்குப் பெயர் கொடுக்கவோ, ஓட்டல் அறை பிடிக்கவோ பணம் வாங்க மாட்டார்கள். லாட்டரி, பரிசு, நிதியுதவி, சான்றிதழ் எதையும் மெயிலில் தர மாட்டார்கள். வந்த மெயிலில் இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், மேற்கொண்டு ஆராய வேண்டாம்.

2020-ல் கொரோனா பரவியபோது இந்தப் பெயரைச் சொல்லி உலகம் முழுக்க ஏமாற்றினார்கள். கொரோனாவைக் காட்டி வந்த மோசடி மெயில்கள், கணினி வைரஸ் மெயில்கள் மட்டும் ஒரு நாளைக்கு 1 கோடியே 80 லட்சம் என்று அந்த ஏப்ரலில் கூகுள் கணக்குச் சொன்னது. அதெல்லாம் ஜிமெயிலில் வந்தவை மட்டும்.

"அனுப்பினவங்க பேரு சரியாத்தானே போட்டிருக்கு?"

அந்தப் பெயர் அனுப்புகிறவரே தட்டிக்கொள்வது. நான் இன்றைக்கு ஒரு கணக்குத் தொடங்கி "டீன், அரசு மருத்துவமனை" என்று போட்டுக்கொண்டால் யாரும் தடுக்கப் போவதில்லை. செல்போனில் பெயர்தான் பெரிதாகத் தெரியும், முகவரி மறைந்திருக்கும். பெயரையோ பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியையோ தொட்டால் முகவரி விரியும்.

விரித்துப் பார்க்கும்போது பெரிய மருத்துவமனையின் பெயருக்குக் கீழே ஜிமெயிலோ யாஹூவோ இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. தெருமுனை லேப், சின்ன கிளினிக் ஜிமெயில் வைத்திருப்பது வேறு. அவர்களை உங்களுக்கு நேரில் தெரியும்.

"முகவரியில எதைப் பார்க்கணும்? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது."

@ குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பாருங்கள், அதையும் கடைசியிலிருந்து பாருங்கள். தபால் முகவரியில் ஊர் கடைசியில் வருகிற மாதிரி, இங்கேயும் கடைசித் துண்டுகள்தான் ஊர். முன்னால் இருப்பது தெருப் பெயர். யார் வேண்டுமானாலும் தன் தெருவுக்கு எய்ம்ஸ் தெரு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் முகவரி "ஹூ டாட் இன்ட்" என்று முடியும். "இன்ட்" என்ற அந்த வால், நாடுகள் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய சர்வதேச அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதே "ஹூ"வுக்குப் பிறகு டாட் காம், டாட் ஆர்க் என்று வந்தால் அது வேறு ஆள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் முகவரி "சிடிசி டாட் கவ்". 2020-ல் மோசடிக்காரர்கள் "சிடிசி-கவ் டாட் ஆர்க்" என்று ஒன்றைப் பயன்படுத்தினார்கள். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு, கடைசியில் ஒரு டாட் ஆர்க், அவ்வளவுதான் வித்தியாசம். அவசரத்தில் படிக்கிற கண்ணுக்கு அது தெரியாது.

எழுத்துகளிலும் ஏமாற்றுவார்கள். ஆங்கில ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். 1 என்ற எண் சின்ன எல் எழுத்து போல இருக்கும். சந்தேகமாக இருந்தால் பழைய பில்லிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ அச்சடித்திருக்கும் முகவரியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். படம் பார்த்து ஒப்பிடுவது போலத்தான், இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"அப்ப 'கவ் டாட் இன்'னு முடிஞ்சா நம்பலாமா?"

அது இந்திய அரசு முகவரிகளின் வால்தான். ஆனாலும் அதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள். 2020 ஜூனில், இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் ஓர் எச்சரிக்கை விட்டது. டெல்லி, மும்பை, ஐதராபாத், சென்னை, அகமதாபாத் மக்களுக்கு இலவச கொரோனா பரிசோதனை என்ற தலைப்பில் மெயில் வரலாம், அதைத் தொடாதீர்கள் என்று. அந்த மோசடி மெயிலுக்கு உதாரணமாகச் சொன்ன முகவரியே "கவ் டாட் இன்" என்று முடிவதுதான்.

தபால் உறையின் ஓரத்தில் அனுப்புநர் முகவரியாக எதை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் இல்லையா? மெயிலிலும் அது முடியும். இதைக் கண்டுபிடிக்க மெயில் நிறுவனங்கள் பின்னால் சோதனைகள் வைத்திருக்கின்றன. அதில் மாட்டுகிற மெயில்தான் ஸ்பேம் என்ற குப்பைப் பெட்டிக்குப் போகிறது, அல்லது மேலே எச்சரிக்கைப் பட்டையோடு வருகிறது. அந்தப் பட்டையை யாரும் படிப்பதில்லை, தயவுசெய்து படியுங்கள். உண்மையான ஊழியர் ஒருவரின் கணக்கையே திருடி அதிலிருந்து அனுப்பினால் சோதனையும் உதவாது.

முகவரி தப்பாக இருந்தால் மெயில் போலி, அதில் சந்தேகமில்லை. முகவரி சரியாக இருந்தால் இன்னும் எதுவும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அதன் பிறகு, மெயில் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பணம், ஓ.டி.பி., பாஸ்வேர்ட், கார்டு எண், ஆதார் நகல் இவற்றில் ஏதாவது கேட்டால், மெயிலில் உள்ள வழியை விட்டுவிட்டு உங்களுக்கு முன்பே தெரிந்த வழியில் போய் விசாரியுங்கள். நேரில் போவதை விட நல்ல வழி கிடையாது.

"சரி, 'கவ் டாட் இன்' இல்லாததெல்லாம் போலியா?"

அப்படியும் சொல்ல முடியாது. நம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அதிகாரபூர்வ இணையதளமே டாட் காம் என்றுதான் முடிகிறது. டெல்லி எய்ம்ஸ் "எய்ம்ஸ் டாட் எடு" வைத்திருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் காம், ஆர்க், இன் என்று எல்லாம் வைத்திருக்கின்றன. அதனால் வாலை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. உங்கள் மருத்துவமனையின் சரியான முகவரியை, அட்மிஷன் போடும் நாளிலேயே கேட்டுக் கோப்பின் அட்டையில் எழுதி வையுங்கள்.

"முத்திரை, கையெழுத்து, டாக்டர் பேரு, ரெஜிஸ்டர் நம்பர் எல்லாம் இருக்கே சார்?"

முத்திரையை இணையதளத்திலிருந்து எடுத்து ஒட்ட என் கடையிலேயே ஐந்து நிமிடம் போதும். டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் ரகசியம் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். அப்படித் தேடி உண்மையான டாக்டரின் உண்மையான எண்ணையே போட்டுவிடுகிறார்கள். நீங்கள் சரிபார்த்தால் எண் சரியாகத்தான் இருக்கும், கடிதம்தான் அவருடையதாக இருக்காது.

"எழுத்துப்பிழை இருந்தா போலின்னு பையன் சொன்னான். இதுல பிழையே இல்லையே?"

அது பழைய காலத்து அடையாளம். இப்போது பிழையில்லாமல் எழுதித்தர மென்பொருள் இருக்கிறது, தமிழிலும் எழுதித்தருகிறது. பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள். இல்லை என்பதற்காக நம்பாதீர்கள்.

"என் பேரு, ஓ.பி. நம்பர், என்ன ஆபரேஷன்னு எல்லாம் கரெக்டா சொல்றாங்க. ஆஸ்பத்திரியைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

கேட்டவர்களிலேயே அதிகம் பயந்துபோய் நின்றவர்கள் இவர்கள்தான். மருத்துவமனைத் தகவல்கள் வெளியே கசிவது உண்டு. சிங்கப்பூரில் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்திலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோனதாக 2018 ஜூலையில் அறிவித்தார்கள். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் அதில் போனது. அமெரிக்காவில் ஆந்தம் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் 2015-ல் 7 கோடியே 88 லட்சம் பேரின் விவரம் போனது. செய்தி வெளியான உடனேயே, "உங்கள் விவரம் திருடுபோய்விட்டது, பாதுகாப்புக்கு இங்கே அழுத்துங்கள்" என்று அந்த நிறுவனத்தின் பெயரிலேயே மோசடி மெயில்கள் கிளம்பின.

இவ்வளவு பெரிய திருட்டு நடந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வேண்டாத காகிதம் என்று நீங்கள் போட்டுவிட்டு வந்த ரிப்போர்ட், வாட்ஸ்அப்பில் நன்கொடை கேட்டுச் சுற்றிய டிஸ்சார்ஜ் சம்மரி, இவை போதும். என் கடைக் குப்பைத்தொட்டியில் விழும் நகல்களை நான் கிழித்துத்தான் போடுகிறேன். விவரம் சரியாக இருப்பது, அனுப்பியவர் மருத்துவமனைக்காரர் என்பதற்குச் சாட்சி ஆகாது.

"லேப் ரிப்போர்ட்னு ஒரு ஃபைல் வந்திருக்கு. திறக்கலாமா?"

ரத்தமோ சிறுநீரோ எங்காவது கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் உங்களுக்கு ஏது ரிப்போர்ட்? திறக்காதீர்கள். கொடுத்திருந்தால், நீங்கள் கொடுத்த லேப்தானா, அவர்கள் சொன்ன நாள்தானா என்று பாருங்கள். உண்மையான லேப்கள் பெரும்பாலும் பி.டி.எஃப். ஆக அனுப்பும். கோப்பின் பெயர் ஜிப், இ.எக்ஸ்.இ., ஹெச்.டி.எம்.எல். என்று முடிந்தால் தொடாதீர்கள். "ரிப்போர்ட் டாட் பி.டி.எஃப். டாட் இ.எக்ஸ்.இ." என்று இரட்டை வால் போட்டும் அனுப்புவார்கள். கடைசி வால்தான் அதன் உண்மையான குணம். வேர்டு, எக்செல் கோப்பு திறந்து "எனேபிள் கன்டென்ட்" அழுத்தச் சொன்னால் அப்படியே மூடிவிடுங்கள்.

2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரே அனுப்பியது போல ஒரு மெயில் சுற்றியது. கொரோனாவுக்கு மருந்து என்று இணைத்திருந்த கோப்புக்குள் ஹாக்ஐ என்ற திருட்டு நிரல் இருந்தது. கீபோர்டில் தட்டும் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் எடுத்து வெளியே அனுப்புகிற வகை அது. ஊரே மருந்துக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் செய்தார்கள்.

"கிட்னி கொடுத்தா கோடிக்கணக்குல தர்றோம்னு ஆஸ்பத்திரி லெட்டர் வந்திருக்குண்ணா. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் கொஞ்சம் பணம் கட்டணுமாம்."

கட்டாதீர்கள். இந்தியாவில் எந்த மருத்துவமனையும் கிட்னியை விலைக்கு வாங்க முடியாது. 1994-ம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பது, வாங்குவது, விற்க முன்வருவது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். 2011-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு தண்டனை 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள் ஆகிய நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். மற்றவர் கொடுப்பதென்றால், பணத்துக்காக இல்லை என்று அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியல்படி போகும். இதில் எங்கேயும் மெயில் போட்டு ஆள் பிடிக்கிற வேலை கிடையாது.

மெயில் அனுப்புகிறவனுக்கு உங்கள் கிட்னி தேவையே இல்லை. பதிவுக் கட்டணம் என்று ஆரம்பிப்பான். கட்டினால் வரி, அதையும் கட்டினால் வங்கி அனுமதி, பிறகு டாலரை ரூபாயாக மாற்றும் செலவு என்று போய்க்கொண்டே இருக்கும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழியில்லாமல் இந்தக் கடிதத்தை நம்பி, இரண்டு தவணை கட்டிவிட்டு மூன்றாவதுக்குக் கழுத்துச் செயினை அடகு வைக்கப் போகும் வழியில் என் கடைக்கு வந்தார் ஒருவர். நான் சொன்னதைக் கேட்டு அழுதார். ஆனால் போலீசுக்குப் போக மாட்டேன் என்றார், கிட்னி விற்கப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது என்று.

அந்தத் தயக்கத்தைத்தான் மோசடிக்காரன் நம்பியிருக்கிறான். அப்படிப் பயம் இருந்தால் முதலில் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வக்கீலோடு பேசிவிட்டுப் புகார் எழுதலாம்.

"மகளுக்கு லண்டன்ல நர்ஸ் வேலை. ஆஃபர் லெட்டரே வந்துருச்சு, விசா பீஸ் மட்டும் அனுப்பச் சொல்றாங்க."

இன்டர்வியூ நடந்ததா? நடக்காமல் ஆஃபர் வந்தால் அது ஆஃபரே இல்லை. இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்க அங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்கு ஐஎல்ட்ஸ் அல்லது ஓஇடி போன்ற ஆங்கிலச் சான்று, கணினித் தேர்வு, அங்கே போன பிறகு செய்முறைத் தேர்வு என்று படிகள் இருக்கின்றன. மகள் இவற்றில் எதையும் தொடாமலே வேலை வந்துவிட்டதென்றால் யோசியுங்கள். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் ஏஜென்சி பணம் வாங்குவது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். விசாவுக்கு விண்ணப்பித்து அதற்கான கட்டணத்தைக் கட்டுவது பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில். ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு அந்தப் பணம் போகாது. அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையின் மெயில் முகவரிகள் பெரும்பாலும் "என்ஹெச்எஸ் டாட் நெட்" அல்லது "என்ஹெச்எஸ் டாட் யுகே" என்று முடியும். முகவரி சரி என்பதற்காக மட்டும் நம்பக் கூடாது என்று முன்னால் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வளைகுடா வேலை என்றால், சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. நர்சுகளை அனுப்ப அனுமதி பெற்ற அமைப்புகளில் அதுவும் ஒன்று. மற்ற ஏஜென்டுகளின் உரிமத்தை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம்.

"பெருசா ஒண்ணும் கேக்கல. டெலிவரி சார்ஜ் மட்டும்தான், கட்டிட்டா என்ன?"

சின்னத் தொகை வெறும் தூண்டில். 2021 கடைசியில், ஒமைக்ரான் பரவிய நேரத்தில், பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவையின் பெயரில் இலவசப் பரிசோதனை என்று மெயில் வந்தது. அனுப்பும் செலவு என்று ஒரு பவுண்டு சில்லறைதான் கேட்டார்கள். அதைக் கட்டுவதற்காக மக்கள் கொடுத்த கார்டு விவரம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் தடுப்பூசிக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று சொல்லி வங்கி விவரம் கேட்டார்கள். தடுப்பூசியோ அங்கே எல்லோருக்கும் இலவசம். நம் ஊரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆயுஷ்மான் அட்டை, 14 இலக்க ஆபா என்ற சுகாதார அடையாள எண் எதற்கும் அரசு கட்டணம் வாங்குவதில்லை.

"ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேட்டேன். உண்மைதான்னு சொன்னாங்களே?"

எந்த எண்ணுக்குப் போட்டீர்கள்? மெயிலின் அடியில் இருந்த எண்ணுக்கு என்றால் மோசடிக்காரனிடமே கேட்டிருக்கிறீர்கள், அவன் வேறென்ன சொல்வான்? கூகுளில் தேடி முதலில் வந்த எண்ணும் ஆபத்து, அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைக்கிறார்கள். பழைய பில், ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி இவற்றில் அச்சடித்த எண்தான் நம்பத் தக்கது.

"லிங்க்கைத் தொட்டுட்டேன். ஆனா ஒண்ணும் டைப் பண்ணல."

பெரும்பாலும் பயமில்லை. ஏதாவது டவுன்லோடு ஆனதா, புது ஆப் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நீக்குங்கள். பாஸ்வேர்ட் தட்டியிருந்தால் வேறொரு போனிலோ கணினியிலோ உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வங்கிக்கும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு மெயில் அமைப்புகளில் போய், உங்களுக்கு வரும் மெயில்கள் வேறு முகவரிக்கு ஃபார்வர்டு ஆகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பின்னும் திருடன் உள்ளே உட்கார்ந்திருக்கும் வழி அது.

"பணம் போயிருச்சு. இனிமே என்ன பண்றது?"

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் போடுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே முடக்கினால்தான் உண்டு. நேரமானால் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவான். அடுத்து உங்கள் வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்திலும் பதியுங்கள்.

வங்கிக்கு உடனே சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்தைப் பற்றி 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு வராது. ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது உங்கள் இழப்பு, சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. மெயிலை அழிக்காதீர்கள், வெட்கத்தில் பலர் அழித்துவிடுகிறார்கள். போலீசுக்கு அதுதான் ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, மூல மெயில் வேண்டும்.

"நிஜ மெயிலைப் போய் போலின்னு நெனச்சு விட்டுட்டா? அம்மாவுக்கு ட்ரீட்மென்ட் தவறிடாதா?"

தவறாது. அவசரமான பரிசோதனை முடிவு என்றால் மருத்துவமனை போனில் அழைக்கும், மெயிலை நம்பி உட்கார்ந்திருக்காது. மற்றதெல்லாம் அவர்கள் கணினியில் இருக்கும். சந்தேகம் வந்த மெயிலை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது ஓ.பி. சீட்டைக் காட்டிக் கவுன்டரில் கேளுங்கள். ரிவ்யூவுக்கு நாள் இருந்தால் சீட்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் போடுங்கள். "நீங்க அனுப்பினீங்களா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று அவர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.